புறாத்தீவில் கால் வைத்தவர்கள்

கடந்த பருவகாலத்தில் ஒருநாட் காலை, நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் புறப்பட்ட படகொன்றில் நானும் இருந்தேன். உடன் வந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு குடும்பத்தினர். தீவில் இறங்கிச் சிறிது நேரம் சென்றிருக்கும். முழங்காலளவு நீரில் எழும்பி நின்றுகொண்டிருந்த அக்குடும்பத்து இளைஞரைப் பார்த்துக் காவலுக்கு நின்ற உத்தியோகத்தர் விசில் ஊதினார். முருகைக்கல்லின் மேல் நிற்க வேண்டாம் என்பதே அவர் சொல்ல வந்தது. தடுமாறிய தமிழில் அதைச் சொல்லியும் விட்டார். இளைஞர் இறங்கிக் கரைக்கு வந்தார். வந்தவர் தாயாரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"முந்தி நேவி மறிச்சான். இப்ப இவங்கள் மறிக்கிறாங்கள். எங்கட கடலுக்குள்ள எங்களை எப்பதான் விடப்போறாங்கள் அம்மா?"

இளவயதின் எரிச்சல் என்று அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். அவர் சொன்னதிலே பத்தில் ஒன்பது பங்கு வரலாற்று உண்மை. எஞ்சிய ஒரு பங்குதான் பிழை. அந்த ஒரு பங்கைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் ஒன்பது பங்கையும் சொல்லியாக வேண்டும்.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில் நிலாவெளி. அங்கிருந்து கடலுக்குள் ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத்தீவு. ஊரவர்கள் புறாமலை என்றும் சொல்வர். பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள். பெரிய தீவே சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமுந்தான். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 மீற்றர் உயரம். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. நாம் கூட்டில் வளர்க்கும் புறாக்களின் காட்டு மூதாதையர் இவை. இலங்கையில் இவை காட்டு நிலையிலேயே குஞ்சு பொரிக்கும் இடங்கள் மிகச் சில. பெயர் புறாவுக்கு உரியதாயினும் தீவின் செல்வம் நீருக்குள் இருக்கிறது. பெரிய தீவைச் சுற்றி முருகைக்கற்பாறை வளர்ந்திருக்கிறது. மான்கொம்பு போலக் கிளைவிட்டவை, மேசை போல விரிந்தவை, மூளை போல் மடிந்தவை எனப் பலவகை.

இத்தீவில் முதல் தடை துப்பாக்கியால் வந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இது சுடுபயிற்சித் தளமாகப் பயன்படுத்தப்பட்டது. திருகோணமலை ஆசியாவின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. பிரித்தானியக் கடற்படை அதனை 1957 வரை தளமாக வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அத்தளத்தின் பொருட்டே. அவ்வாறான துறைமுகத்துக்கு அருகில் ஆளில்லாத பாறைத்தீவு ஒன்று கிடந்தால் படையினர் அதை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள்? சுடும்போது எவரும் அங்கே போக முடியாது. சுட்டவர்கள் புறாக்களைப் பற்றியோ முருகைக்கற்களைப் பற்றியோ நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் புறாக்கள் மிஞ்சின.

இரண்டாவது தடை காகிதத்தில் வந்தது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டின் வனசீவராசிச் சட்டங்களுக்கெல்லாம் தாய். அதன் கீழ் 1963 இல் புறாத்தீவு சரணாலயமாக்கப்பட்டது. சரணாலயம் என்பதற்கும் தேசிய பூங்கா என்பதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைய இயலாது. சரணாலயத்துக்குள் நுழையலாம், உயிரினங்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது, அவ்வளவுதான். சீட்டும் இல்லை, காவலும் இல்லை என்றால் தீங்கு எது, இன்பப் பொழுதுபோக்கு எது என்பதைப் போகிறவனே தீர்மானித்துக் கொள்வான். நாங்களும் அப்படித்தான் தீர்மானித்தோம்.

1982 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பாடசாலை விடுமுறையில் தந்தையார் எங்களைப் புறாத்தீவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு மீனவர் தம் படகில் கொண்டுபோய் விட்டார். மதியம் நண்டுக்கறியும் சோறும். நீருக்குள் இறங்கி, கால் பட்ட இடமெல்லாம் மிதித்து, கிளைகள் முறியும் சத்தத்தைக் கேட்டு நாங்கள் சிரித்தது இப்பொழுதும் நினைவிருக்கிறது. உலர்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். புறப்படும் நேரம் படகுக்காரர் ஒரு மான்கொம்புக் கல்லைத் தாமே முறித்தெடுத்து என் கையில் தந்தார். "கொண்டுபோய் அலுமாரியில வையுங்கோ தம்பி, வடிவாயிருக்கும்" என்றார். அன்பினால் தந்தது. வீட்டுக்கு வந்ததும் அது நாறத் தொடங்கியது. இறந்த உயிர் நாறும் என்ற எளிய உண்மைகூட அன்று எனக்கு விளங்கவில்லை. கல்லுக்கு ஏன் நாற்றம் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா அதைப் பல நாட்கள் கிணற்றடி மதிலில் வெயிலில் வைத்தார். மண்ணிறம் போய் வெள்ளையாகிக் கண்ணாடி அலுமாரியில் சங்குக்கு அருகே இடம்பிடித்தது. அப்பொழுது அத்தீவு சரணாலயமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். எங்களில் எவருக்கும் அது தெரியாது. தந்தையார் அரசாங்க ஊழியர், வர்த்தமானி வாசிக்கிறவர். அவருக்கும் தெரியாது.

மூன்றாவது தடையே அந்த இளைஞர் சொன்னது. 1983க்குப் பின் திருகோணமலைக் கடல் யுத்தக் கடலாயிற்று. எந்தக் கடலுக்குள் இறங்கலாம், எந்த நேரத்தில் இறங்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம் என்பவற்றையெல்லாம் பாதுகாப்புத் தரப்பினர் தீர்மானித்தனர். பாஸ் இல்லாத மீனவனுக்குக் கடல் இல்லை. வட கிழக்குக் கரையோரம் முழுவதும் மீனவக் குடும்பங்கள் அந்தக் காலத்தில் பட்ட பசி தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. நீராடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1990 இல் நாங்கள் வீட்டை விட்டு வெளியேறினோம். திரும்பியபோது அலுமாரியும் இல்லை, கல்லும் இல்லை.

இங்கே வரலாறு செய்யும் குறும்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதரை வதைத்த அதே தடை முருகைக்கற்களுக்கு ஓய்வாக அமைந்தது. யுத்தம் இயற்கையைப் பாதுகாத்தது என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யுத்தத்துக்குள் வாழாதவர்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தெற்கிலே ஹிக்கடுவை இருக்கிறது. அது 1979 இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே யுத்தத்தின் தடை இல்லை. உல்லாசப் பயணிகள் தடையின்றி வந்தார்கள். கண்ணாடி அடித்தளப் படகுகள், நங்கூரங்கள், நீர் வற்றும் நேரத்தில் கல்லின் மேல் நடந்துபோகும் கால்கள், கரையிலிருந்து வந்த மண்ணும் கழிவும் என ஆண்டுக்கணக்கில் சேதம் சேர்ந்தது. 1998 இல் கடல்நீர் சூடேறி முருகைக்கற்கள் வெளிறியபோது ஹிக்கடுவை பேரிழப்பைச் சந்தித்தது. அந்த ஆண்டு திருகோணமலைப் பகுதி பெரிதும் தப்பியது. அத்தப்புதலுக்குக் காரணம் கடலின் வெப்பநிலையே அன்றி யுத்தமன்று. எனினும் தப்பியவற்றின் மேல் மிதிக்கக் கால்கள் இல்லாதிருந்ததற்குக் காரணம் யுத்தந்தான். 2002 இல் ஹிக்கடுவை தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டபோது நோயாளி நலிந்த பின் வைத்தியர் வந்த கதையாயிற்று.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. நிலாவெளிக் கரை மெல்ல உயிர்த்தது. அடுத்த ஆண்டே, 2003 இல், புறாத்தீவு நாட்டின் 17ஆவது தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தீவும் அதைச் சுற்றிய கடலுமாக ஏறத்தாழ 471 ஹெக்டேயர். இரண்டு தீவுகளின் நிலப்பரப்பை எண்ணிப் பார்த்தால், பாதுகாக்கப்பட்டது பெரும்பாலும் நீரே என்பது விளங்கும். சமாதானம் வந்தால் மக்கள் வருவார்கள், மக்கள் வந்தால் ஹிக்கடுவைக்கு நேர்ந்ததே இங்கும் நேரும் என்று யாரோ சிலர் உரிய காலத்தில் சிந்தித்திருக்கிறார்கள். நம் நாட்டில் அபூர்வமாக நடப்பது அது. அந்த ஆண்டு பத்திரிகை வேலையாகச் சென்றபோது இருபத்தொரு ஆண்டுகளின் பின் தீவில் கால் வைத்தேன். மண்ணில் கால் வைக்கவில்லை என்பதே சரி. அந்தக் கரையில் மணலோடு முருகைக்கல் துண்டுகள் கூழாங்கற்கள் போலக் கிடக்கின்றன. வெறுங்காலோடு நடந்தால் வலிக்கும்.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நிலாவெளியை அழித்தது. பூங்காவும் தாக்கத்துக்குள்ளானது. அந்த நாட்களில் நான் எழுதியவை அனைத்தும் மனிதரைப் பற்றியவை. கல்லைப் பற்றி நினைக்க எவருக்கும் மனமில்லை. 2006 இல் கிழக்கில் மீண்டும் யுத்தம். 2009 மே மாதத்தில் அது முடிந்தது. அதன் பின் பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தார்கள். முப்பது ஆண்டுகள் கிழக்குக் கடலைக் காணாத தெற்கத்தியர், வன்னியர், யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர் எல்லோரும். அவர்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 1982 இல் என் காலடியில் கேட்ட சுள்ளிச் சத்தம் இப்பொழுது நூற்றுக்கணக்கான கால்களின் கீழ் கேட்டிருக்கும். கிளைவிட்டு வளரும் முருகைக்கல் நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் நீளக்கூடும். உருண்டைக் கற்களோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். ஒரு தேங்காய் அளவுக் கல் என்பது ஒரு பிள்ளை பிறந்து பாடசாலைக்குப் போகும் வயது வரையான காலம்.

இதுவரை சொன்னது கல்லின் கதை. மனிதரின் கதையும் அதனுள் இருப்பதை மிகப் பிந்தியே அறிந்துகொண்டேன். அதற்குக் காரணம் என் தொழிலிலேயே நான் செய்த ஒரு பிழை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிரதேச நிருபர்கள் தொலைபேசியிலும் தொலைநகலிலும் செய்தி அனுப்புவார்கள். நீரில் மூழ்கி இறந்தவர்களின் செய்திக்கு எங்களிடம் ஓர் அச்சு இருந்தது. நீராடச் சென்ற இளைஞர் பலி; வயது; ஊர்; சடலம் வைத்தியசாலையில்; பொலிஸார் விசாரணை. நான்கு வரிகள். கிழக்குக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு நிருபர் அவ்வாறான செய்தியொன்றை அனுப்பினார். வழமைக்கு மாறாக நீளமாக இருந்தது. மழைக்குப் பின் களப்பு முகத்துவாரம் வெட்டிக்கொண்டு பாய்கிறது; அந்த இடத்தில் நீர் கரையிலிருந்து கடலுக்கு இழுக்கிறது; மேலே பார்த்தால் அலை குறைந்து அமைதியாகத் தெரிவதால் வெளியூரார் அந்த இடத்தையே தெரிந்து இறங்குகிறார்கள்; மீனவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். இடப்பற்றாக்குறை. நான்கு வரியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். சில கிழமைகளின் பின் அதே இடத்திலிருந்து இன்னொரு நான்கு வரி வந்தது. இம்முறை நிருபர் நீளமாக எழுதவில்லை.

அந்த இரண்டாவது இளைஞர் எங்கள் பத்திரிகையை வாசித்திருப்பாரா என்று கேட்கலாம். நானே பல தடவை கேட்டு என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் நிருபருக்குத் தெரிந்திருந்த, எனக்குத் தெரியாதிருந்த ஒன்றை வெட்டியவன் நான். கரையில் மோதும் நீர் எங்கோ ஓரிடத்தில் ஒடுங்கித் திரும்பிப் போகத்தான் வேண்டும். அந்த ஓடைக்குள் அகப்பட்டவன் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவான். களைப்பே கொல்லுகிறது. எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகினால் ஓடை விட்டுவிடும். இந்த ஒரு வசனத்தை அன்று அச்சேற்றியிருக்கலாம். அதற்கு ஒன்றரை அங்குல இடம் போதும்.

புறாத்தீவுக்கு வருவோம். அங்கே சொல்லப்படும் விதிகள் அதிகமில்லை. முருகைக்கல்லில் நிற்காதே, தொடாதே, எடுக்காதே. மீனுக்குப் பாண் போடாதே. குப்பை கொண்டுவராதே. உயிர்காப்பு அங்கி அணி. முன்னைய ஐந்தும் கடலுக்காக, கடைசி மனிதனுக்காக என்றே நானும் எண்ணியிருந்தேன். படகோட்டி ஒருவர் அதைத் திருத்தினார். அவரை அண்ணன் என்றே அழைப்பேன். என்னைவிட மூத்தவர், மீன்பிடித்துப் பின்னர் பயணிகளை ஏற்றத் தொடங்கியவர். "கல்லுக்கு மேல நிக்கிறது ஆர் தம்பி? நீந்தத் தெரிஞ்சவன் நிக்கமாட்டான். கண்ணாடிக்குள்ள தண்ணி போனதும் பயந்து காலைத் தேடுறவன்தான் நிப்பான். கால் எங்க படும்? கல்லிலதான் படும்" என்றார்.

எவ்வளவு எளிய உண்மை. அங்கி அணிந்தவன் மிதக்கிறான். மிதக்கிறவனுக்கு நிற்க வேண்டியதில்லை. நின்றால் கல் முறியும். முறிந்த கல் காலைக் கிழிக்கும். அந்தக் காயம் இலகுவில் ஆறாது. பாறை இடுக்கில் கரிய நீண்ட முட்களோடு கிடக்கும் உயிர்களின் மேல் கால் பட்டால் அதைவிட மோசம். இன்னொரு பக்கமும் உண்டு. தீவின் கரையில் பிள்ளைகள் பயமின்றி இறங்கும் அந்த அமைதியான நீர் எப்படி வந்தது? வெளியேயிருந்து வரும் அலை முருகைக்கற்பாறையில் முட்டி உடைந்து வலுவிழப்பதால் வந்தது. பாறை தேய்ந்தால் அலை உள்ளே வரும். ஆக, மிதிக்காதே என்ற கட்டளையும் மூழ்காதே என்ற கட்டளையும் ஒரே கட்டளைதான்.

இந்த விளக்கம் தீவுக்குப் போகிற எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? பல ஆண்டுகளாகக் கட்டளைகள் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்து வந்த நாடு இது. காரணம் கேட்கும் பழக்கம் மக்களுக்கும் போய்விட்டது. சொல்லும் பழக்கம் கட்டளையிடுவோருக்கும் போய்விட்டது. காரணம் சொல்லப்படாத விதி வெறும் விசில் சத்தமே. அந்த இளைஞர் கேட்டது அந்தச் சத்தத்தை மட்டுந்தான். அவருடைய வயதில் அது எத்தகைய பழைய சத்தங்களை நினைவூட்டியிருக்கும் என்பதை விசில் ஊதியவர் அறிய நியாயமில்லை. இருவரிலும் எனக்குக் குறைசொல்ல மனமில்லை.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் அதே கடல் வேறு கடல். கார்த்திகை, மார்கழியில் வந்து, படத்தில் பார்த்த நீலக் கடல் எங்கே என்று கேட்டு, கேட்டதோடு நில்லாமல் இறங்கியும் விடுகிறவர்கள் உண்டு. ஒரு கிலோமீற்றர்தானே என்று கரையிலிருந்து தீவுக்கு நீந்திப்போகப் பந்தயம் கட்டுவோரைப் பற்றியும் படகோட்டிகள் சொன்னார்கள். நீச்சல் தடாகத்தில் ஒரு கிலோமீற்றர் என்பதும் குறுக்கே நீரோட்டம் உள்ள கடலில் ஒரு கிலோமீற்றர் என்பதும் ஒன்றல்ல.

அன்று அந்த இளைஞரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நீந்தத் தெரியுமா என்று கேட்டதற்குச் சற்றுத் தயங்கி, "தெரியாது ஐயா" என்றார். பிறந்ததிலிருந்து கடலுக்கு இரண்டு கிலோமீற்றரில் வாழ்ந்தவர். அந்தக் கரை அவருடைய சிறுபராயம் முழுவதும் முட்கம்பிக்குள் இருந்தது. எங்கே போய் நீந்தப் பழகுவது? அங்கியைப் படகிலேயே விட்டு வந்திருந்தார். தங்கைமாருக்கு முன்னால் அணிய வெட்கம். படகோட்டி அண்ணன் எழுந்துபோய் அதை எடுத்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் தாமே ஒன்றை அணிந்துகொண்டு, மற்றதை நீட்டி, "வாங்கோ தம்பி, மற்றப் பக்கத்தில சுறா காட்டுறன்" என்றார். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் அங்கே உண்டு. ஆளைக் கண்டால் விலகிப் போகின்றவை. இருவரும் மறுபுறத்துக்கு நடந்தார்கள். நான் கரையில் இருந்தேன். அரை மணித்தியாலத்தின் பின் இளைஞர் திரும்பி வந்தார். தாயாரிடம் கைகளை விரித்து விரித்து அளவு காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய சுறா அங்கே கிடையாது.